குயில்மலைச் சங்கத்தின் மூன்று கால் தொலைபேசி

இந்த இனிய விழாவுக்குத் தலைமை தாங்கி, இருபது நிமிடத்தைத் தாண்டினால் மணியடிப்பேன் என்று மேடையேறும் முன்பே என்னை அன்போடு மிரட்டியிருக்கும், குயில்மலை மேல் டிவிசன் மக்கள் நலச் சங்கத்தின் தலைவி திருமதி கலாராணி அவர்களே! முப்பது ஆண்டுகளாக எங்கள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, ஒலிபெருக்கியின் உதவி இல்லாமலே அடுத்த தோட்டத்துக்கும் உரையாற்ற வல்ல இராசையா அண்ணன் அவர்களே! பெரகலவிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் மூன்று பஸ் மாறி, வளைவுகளில் வயிறு கலங்கினாலும் முகம் கலங்காமல் வந்து சேர்ந்திருக்கும் சகோதர சங்கங்களின் பிரதிநிதிகளே! தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கூட்டத்துக்கு வந்து குந்தியிருக்கும் குலவிளக்குகளாகிய தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், தேநீர் எப்போது வரும் என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே பார்வையில் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே! மேடையின் நடுவே, எனக்குப் போட்டதைவிடப் பெரிய மாலையைச் சூடிக்கொண்டு, மூன்று கால் பரப்பி மௌனமாக வீற்றிருக்கும் எங்கள் கூட்ட அறைத் தொலைபேசியே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பைச் சற்றுக் கேளுங்கள். “அலுவலகக் கூட்ட அறைக்குத் தொலைபேசி தெரிவு செய்தலும் அதன் பழுது நீக்கலும்.” பட்டிமன்றத்தில் பேசுவோருக்குக் காதலா கடமையா என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். எனக்கு வயரா பட்டரியா என்று கொடுத்திருக்கிறார்கள். நான் குறைசொல்லவில்லை. காதலைப் பற்றி யாரும் எதையும் பேசலாம். பிழையாகப் பேசினால் திருப்பிக் கேட்க ஆளில்லை. பட்டரியைப் பற்றிப் பிழையாகப் பேசினால் நாளைக்கே பெரகலவிலிருந்து போன் வரும்.

என்ன அங்கே சிரிப்பு? “போன் வந்தாத்தானே மாஸ்டர்!” என்கிறார் ஒரு தாய். வரும், அம்மா. அதை வரவழைக்கும் வித்தையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு சங்கத்துக்கு இப்படி ஒரு தொலைபேசி எதற்கு? அழகுக்கா? அந்தஸ்துக்கா? அலுமாரியில் வைத்துப் பூட்டி, ஆண்டு விழாவுக்கு எடுத்துத் துடைப்பதற்கா? எங்களுக்கு அது ஒரு பஸ்ஸுக்காகத் தேவைப்பட்டது.

காலை ஐந்தரை மணிக்கு, தோட்டத்தின் உச்சிப் பகுதியாகிய மேல் டிவிசனிலிருந்து புறப்பட்டு, தேயிலைத் தொழிற்சாலையடியில் பத்து நிமிடம் நின்று, பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்குப் போகும் பஸ். நெற்றியில் ‘மலைமுகில்’ என்று எழுதியிருக்கும். முகில் வந்தால் அந்த எழுத்தும் தெரியாது. அதை ஓட்டும் கம்பெனியிலிருந்து தை மாதம் ஒரு கடிதம் வந்தது. மேல் டிவிசனில் ஏறுவோர் தொகை நாளொன்றுக்கு மூன்று பேர். ஆகவே இனி பஸ் தொழிற்சாலைக்கு மேலே ஏறாது. மேல் டிவிசன் மக்கள் தொழிற்சாலைவரை நடந்துவந்து ஏறிக்கொள்ளலாம்.

நான்கு மைல், அன்பர்களே. இளைஞர்கள் இறங்கிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். தனலெட்சுமி அம்மா என்ன செய்வார்?

அம்மா, கையை மட்டும் உயர்த்துங்கள். மூன்றாவது வரிசை, மஞ்சள் சேலை. அவர்தான். நாற்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று வருடம். “ரெண்டும் ஸ்ட்ரைக்கு மாஸ்டர், தலைவர்கிட்டகூட ஒரு வார்த்த கேக்கல” என்று தன் நோயை அவர் எனக்கு விளக்கினார். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவர் கையை இணைக்க வேண்டும். ஐந்தரை பஸ் இருந்தால் எட்டுக்கு அங்கே இருப்பார். அந்த பஸ் இல்லாவிட்டால், மழைக்காலத்தில் எங்கள் மேட்டில் ஓட்டோவும் ஏறாது. நான்கு மைல் நடக்க அவர் உடம்பும் இடம் தராது. மூன்று பேரா முப்பது பேரா என்பது கம்பெனிக்குப் புள்ளிவிவரம். தனலெட்சுமிக்கு அது உயிர்.

கம்பெனியை நடத்தும் பங்காளிகள் மூன்று பேர். மூத்தவர் லத்தீப் முதலாளி பதுளையில் இருக்கிறார். ஒருவர் பண்டாரவளையில், ஒருவர் கொழும்பில். மாதத்தில் முதல் வியாழக்கிழமை மூவரும் தொலைபேசியில் கூடுவார்கள். கலாராணி அம்மா விடாமல் எழுதிய கடிதங்களைத் தாங்க முடியாமல், அந்தக் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்கும்வரை பஸ்ஸை நிறுத்தவில்லை. நல்ல மனிதர்கள்தான். கேட்கத் தயாராக இருந்தார்கள். கேட்கவைப்பதுதான் எங்கள் பாடாகிவிட்டது.

முதல் கூட்டத்துக்குக் கைத்தொலைபேசியைச் செம்புக்குள் வைத்தோம். ஏன் சிரிக்கிறீர்கள்? செம்புக்குள் வைத்தால் பாட்டு பெரிதாகக் கேட்கும் என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். அதன்படி, முதலாளி பேசியது எங்களுக்குக் கோயில் மணிபோலக் கேட்டது. எங்கள் பேச்சு அவர்களுக்கு எப்படிக் கேட்டது? கம்பெனியின் செயலாளர் றஷீதா என்ற பெண்மணி அழைத்துச் சொன்னார்: “ஒங்கட சத்தம் கெணத்துக்குள்ள விழுந்த ஆள் கத்துற மாதிரி ஈக்குது. என்ன சொல்றீங்க எண்டே வெளங்குதில்ல. அடுத்த மாசம் ஒழுங்கான போன் ஒண்டோட வாங்க.”

அன்று மாலையே சங்கம் தொலைபேசித் தெரிவுக் குழுவை நியமித்தது. தலைவர் இராசையா அண்ணன். உறுப்பினர், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பவுலினா. செயலாளர் நான், இருபத்தாறு வருடம் பசறையில் விஞ்ஞானம் படிப்பித்த குற்றத்துக்காக.

பதுளையில் பஸீல் என்பவரின் கடைக்குப் போனோம். இராசையா அண்ணன் முதலில் ஒவ்வொரு தொலைபேசியையும் கையில் தூக்கிப் பார்த்தார். கனமானது நல்லது என்பது அவர் கொள்கை. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டைப் போடச் சொன்னார்.

“தம்பி, இன்னுஞ் சத்தமா வருமா?”

“அண்ணே, இது திருவிழாக்கு கட்டுற ஸ்பீக்கர் இல்ல” என்றார் பஸீல். “வெளிய வாற சத்தத்தைத்தான் எல்லாரும் கேட்டுப் பாக்கிறாங்க. உள்ளுக்குப் போற சத்தத்த ஒருத்தரும் கேக்கிறல்ல. ஒங்கட ரூம் எத்தின அடி?”

இராசையா அண்ணன் கையிலிருந்த தொலைபேசியைக் கீழே வைத்தார்.

“மேச எத்தின அடி? எத்தின பேர் ஒக்காருவீங்க? கூரை ஓடா தகரமா? லைன் இருக்கா, சிம்மா? சிக்னல் ரூமுக்குள்ள எந்தப் பக்கம் வருது?”

மணப்பெண் பார்க்கப் போனவர்களிடம் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டதுபோல நின்றோம். “அளந்துட்டு வாங்க” என்று டீ கொடுத்து அனுப்பிவைத்தார். விற்க மறுத்த வியாபாரியை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பெரகல நண்பர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கேள்வி கேட்கும் கடையில் வாங்குங்கள், தலையாட்டும் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

அளந்தோம். பழைய பண்டகசாலைதான் எங்கள் கூட்ட அறை. நீளம் முப்பத்திரண்டு அடி. மேசை பத்தடி. கூரை தகரம். தொலைபேசிக் கம்பி வராது. சிக்னல் மேற்கு ஜன்னலோரத்தில் மட்டும், அதுவும் ஜன்னல் திறந்திருந்தால் மட்டும். மின்சாரமோ மழையைக் கண்டால் முதலில் ஒளிந்துகொள்ளும் ஆள்.

இந்த விவரங்களோடு போனபோது பஸீல் எடுத்துக் காட்டியவர்தான், இதோ மாலையோடு இருக்கும் இவர். மூன்று கால், காலுக்கு ஒரு மைக். எந்தப் பக்கத்தில் இருந்து பேசினாலும் எடுத்துக்கொள்ளும். ஜன்னலோரத்தில் இருக்கும் கைத்தொலைபேசியோடு நீண்ட வயரால் இணையும். மின்சாரம் போனால் பட்டரியில் ஆறு மணி நேரம் ஓடும். “எட்டடிக்குள்ள ஈக்கிற ஆள் பேசினா தெளிவா எடுக்கும்” என்றார் பஸீல். “எட்டடி தாண்டினா சேர்ந்தாப்பல ரெண்டு மைக் வேற வாங்கணும். ஒங்களுக்கு அது தேவல்ல. மேசயச் சுத்தித்தானே ஒக்காருவீங்க?”

“பின்ன? மேசையச் சுத்தித்தான் உக்காருவோம்” என்றார் இராசையா அண்ணன், சற்றுக் கோபமாகவே.

புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? பொட்டு வைப்போம். தையல் மெஷினுக்கு வைக்கிறோம், ஓட்டோவுக்கு வைக்கிறோம், வயரிங் செய்ய வந்தவர் கொண்டுவரும் ஏணிக்கும் வைக்கிறோம். சந்தனத்தைக் குழைத்து, மூன்று காலின் நுனியிலும், கச்சிதமாக அங்கே இருந்த சிறு துளையின் மேலேயே, மூன்று பொட்டு. அதன்மேல் குங்குமம். பவுலினா மட்டும் சளைத்தவரா? ஒரு செபம் சொல்லி, தான் பின்னிய வெள்ளை லேஸ் துணியால் அதைப் போர்த்தினார். இரண்டு மதங்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து ஒரு மைக்கை அடைத்த காட்சியைக் காண நீங்கள் கொடுத்துவைக்கவில்லை.

பரீட்சைக்காக பஸீலை அழைத்தோம். அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. கைத்தொலைபேசியைத் தனியே எடுத்துக் கேட்டேன்.

“மூணு கால்லயும் சின்ன ஓட்ட ஈக்குதா மாஸ்டர்?”

“இருந்தது. இப்போது சந்தனம் இருக்கிறது.”

“தண்ணி ஊத்தாதீங்க” என்றார் பஸீல். “காயவிட்டு, புது டூத் பிரஷ் ஒண்டால மெல்லமாத் தட்டி எடுங்க. ஊசி போட்டுக் குத்தாதீங்க. குத்தினா சாமி வந்தாலும் கேக்காது.”

அடுத்தது ஊளை. காதைக் கிழிக்கும் ஊளை. நரி ஒன்று வயருக்குள் புகுந்துவிட்டதா என்று பவுலினா கேட்டார். தேடிப் பார்த்தால், இராசையா அண்ணன் ஒரு பாதுகாப்புக்காக அதே அழைப்பில் தன் சொந்தக் கைத்தொலைபேசியிலும் இணைந்து, அதை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஓர் அறைக்கு ஒரு தொலைபேசி. இரண்டு இருந்தால் ஒன்று பேசியதை மற்றது கேட்டு, மற்றது பேசியதை இது கேட்டு, இரண்டும் சேர்ந்து கத்தும். வீட்டில் நடப்பதுதான்.

இப்படிச் சந்தனம் நீங்கி, ஊளை ஓய்ந்து, லேஸ் துணி அலுமாரிக்குப் போய், இரண்டாவது கூட்டத்துக்குத் தயாரானோம். வியாழக்கிழமை காலை பத்து மணி. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். தொலைபேசி நடுவில். பச்சை விளக்கு எரிகிறது. எல்லாம் சரி. எல்லாமே சரி.

“ஹலோ, குயில்மலையா? நான் லத்தீப் பேசுறேன்.”

அந்தக் குரல் வந்ததுதான் தாமதம். பன்னிரண்டு நாற்காலிகளும் பின்னுக்கு நகர்ந்தன. பன்னிரண்டு பேரும் எழுந்தோம். எழுந்து, நான்கு எட்டு வைத்துப் பின்னால் போய், சுவரோரம் வரிசையாக நின்றோம். கைகளைக் கட்டிக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை. யாரும் யோசிக்கவுமில்லை. இராசையா அண்ணன் மட்டும் அரை எட்டு முன்னுக்கு வந்து, “ஐயா வணக்கங்க” என்றார்.

“ஹலோ? யாரும் ஈக்கிறீங்களா?”

அவர் குரலை உயர்த்தினார். குரல் உயர்ந்ததும், கோபம் வந்துவிட்டதோ என்று நாங்கள் இன்னும் ஓர் எட்டுப் பின்னால் போனோம்; அதற்குமேல் சுவர் விடவில்லை. அவர் கத்தக் கத்த எங்கள் மரியாதை கூடிற்று. மரியாதை கூடக்கூட எங்கள் குரல் குறைந்தது. கடைசியில் றஷீதாவின் குரல் கேட்டது: “ஸேர், ஆக்கள் எழும்பிப் போய்ட்டாங்க போல.” தொடர்பு அறுந்தது.

மறுநாள் கடிதம் வந்தது. அடுத்த கூட்டமே இறுதி. அன்றும் மேல் டிவிசன் சார்பில் எவரும் பேசாவிட்டால், முதலாம் திகதியிலிருந்து பஸ் தொழிற்சாலையோடு நிற்கும்.

நாங்கள் யாரைக் குற்றம் சொன்னோம்? தொலைபேசியைத்தான். கையேட்டை எடுத்து நாற்பத்திரண்டு பக்கமும் படித்தேன். வயரைக் கழற்றி மாட்டினோம். அணைத்து மீண்டும் இயக்கினோம். பதுளைக்குக் கொண்டுபோனோம். பஸீலின் கடை மேசையில் அது கிளிபோலப் பேசியது. திரும்பக் கொண்டுவந்தோம், ஊமையாகிவிட்டது. “இந்த ஏறாத மேட்டுல ஏறுனா போனுக்கும் தலசுத்தும்” என்றார் தனலெட்சுமி. அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸீலே வந்தார். எங்கள் பஸ்ஸில் வந்தார். வந்து மேசையில் உட்கார்ந்து தன் கடைக்கு அழைத்துப் பேசினார், தெளிவாகக் கேட்டது. என்னைப் பேசச் சொன்னார், கேட்டது. அப்புறம் ஒரு வேலை செய்தார். கடையிலிருந்த தன் பொடியனிடம், “லத்தீப் முதலாளி பேசுற மாதிரிப் பேசு” என்றார்.

“ஹலோ, குயில்மலையா?” என்றது தொலைபேசி.

பன்னிரண்டு பேரும் எழுந்தோம்.

பஸீல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேசையில் தான் மட்டும் தனியே இருப்பதைப் பார்த்தார்.

“ஏன் எல்லாரும் எழும்பினீங்க?”

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். நானும் சுவரோரம் நின்றுகொண்டுதான் இருந்தேன். பேசுவது கடைப் பொடியன் என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை.

தனலெட்சுமிதான் சொன்னார்: “மொதலாளிமாரு பேசையில உக்காந்துகிட்டாங்க பேசுறது?”

“தங்கச்சி,” என்றார் பஸீல், மெதுவாக. “இந்த மெஷினுக்கு மரியாத தெரியாது. நீங்க எழும்பினதும் அங்க வெளங்காது, ஒக்காந்ததும் அங்க வெளங்காது. தூரம் மட்டுந்தான் வெளங்கும்.”

அன்பர்களே! அன்றுதான் பழுது எங்கே என்று கண்டோம். வயரில் இல்லை. பட்டரியில் இல்லை. பளபளக்கும் அந்தப் பெட்டிக்குள் எங்குமே இல்லை. எங்கள் முழங்காலில் இருந்தது! விடிய முன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்று நின்று முறுக்கேறிய முழங்கால். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, மழையில், இத்தனை அடி தள்ளி நில் என்று பழக்கிய முழங்கால். துரைமார் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. கம்பெனிகள் வந்தன, போயின. முழங்காலுக்கு மட்டும் எவரும் தகவல் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பக்கக் கையேட்டில் அதைத் திருத்த ஒரு பக்கமும் இல்லை. கேட்கிறேன், உலகத்தில் எந்தக் கம்பெனி முழங்காலுக்கு உத்தரவாதம் தருகிறது?

கலாராணி அம்மா உத்தரவு போட்டார். தினம் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. பவுலினா பிள்ளைக் காம்பராவிலிருந்து அழைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆண்குரலில் “ஹலோ, குயில்மலையா?” என்பார். நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் பன்னிரண்டு பேரும் எழுந்தோம். இரண்டாம் நாள் ஒன்பது பேர். ஒரு வாரத்தில் நானும் தேறினேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. கடைசிவரை தேறாதவர் ஒருவர்தான்.

“என்னால முடியலம்மா,” என்றார் இராசையா அண்ணன். “ஹலோன்னதும் கீழயிருந்து யாரோ தூக்கிவிடுறாங்க.”

“முப்பது வருசமாத் தூக்கிவிட்டு இப்ப எறக்கச் சொன்னா எப்புடி எறங்கும்?” என்றார் தனலெட்சுமி.

ஆனால் பேச வேண்டியவர் அவர்தானே! தோட்டத்துக்காகப் பேசுவது தலைவர் என்பது வழக்கம். ஆகவே ஒரு தீர்வு கண்டோம். அவரைச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, மேசையை அவர் வயிறுவரை தள்ளி நெருக்கினோம். எழ நினைத்தாலும் எழ முடியாது. தொலைபேசி அவருக்கு நேரே. இதைவிடச் சிறந்த ஏற்பாடு எந்த அலுவலகத்தில் உண்டு?

மூன்றாவது வியாழக்கிழமை வந்தது. தனலெட்சுமி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தின செவ்வாய் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அடையாளமாகக் கையில் பிளாஸ்டர். மேசைக்குக் கீழே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம், கூச்சமில்லாமல்.

“ஹலோ, குயில்மலையா? ஈக்கிறீங்களா?”

பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம். இராசையா அண்ணன் எழுந்தார். அவரோடு மேசையும் எழுந்தது! முப்பது வருடப் பழக்கத்துக்கு ஒரு மேசை எம்மாத்திரம்? மேசை சரிந்தது. தொலைபேசி வழுக்கிக்கொண்டு ஓடியது. தரையில் விழும் முன் தனலெட்சுமி இரண்டு கையாலும் அதைப் பிடித்து, தன் மார்போடு அணைத்துக்கொண்டார். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல.

“யார் பேசுறீங்க?” என்றது அவர் கையிலிருந்த தொலைபேசி.

எல்லோரும் இராசையா அண்ணனைப் பார்த்தோம். சரிந்த மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், கையை ஆட்டினார். “நீ பேசு புள்ள” என்றார். “நீயே பேசு.”

தனலெட்சுமி எழவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தனலெட்சுமிங்க. மேல் டிவிசன். கொழுந்தெடுக்கிறவ.”

“சொல்லுங்க தனலெட்சுமி. மேல மூணு பேர்தானே ஏறுறாங்க?”

“அது கண்டக்டர் தம்பி எழுதினதுங்க. பாவம், மூணு மணிக்கே எந்திரிக்கிற புள்ள. மேல இருந்து பெக்டரி வரைக்கும் தூங்கும். நாங்க எழுப்ப மாட்டோம். பெக்டரியில முழிச்சு, முன்னுக்கு இருக்கிற மூணு பேர மேல ஏறுனதுன்னு எழுதிக்கும். மத்தவங்கள்லாம் பெக்டரியில ஏறுனதாக் கணக்கு.”

மறுமுனையில் யாரோ இருமினார்கள். பண்டாரவளையா கொழும்பா என்று தெரியவில்லை.

“அப்ப நெசமா எத்தின பேர்?”

“எங்க லயத்து வீடுங்ககிட்ட ஒம்பது. கோயில் வளைவுல பதினாலு. பிள்ளைக் காம்பராகிட்ட ஆறு. மாதா சுருவத்தடியில பன்னெண்டு. நாப்பத்தொண்ணுங்க. வெள்ளிக்கெழம நாப்பத்திரெண்டு, சந்தைக்குப் போறவரு ஒருத்தரு கோழியோட வருவாரு.”

“கோழியச் சேர்த்தா?”

“இல்லீங்க. கோழியோட நாப்பத்திமூணு.”

லத்தீப் முதலாளி சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: “நீங்க ஏன் அஞ்சரைக்கே போகணும்? எட்டு மணிக்கு பெக்டரியில இருந்து ஒரு பஸ் ஈக்குதே?”

“எனக்குக் கிட்னி ரெண்டும் இல்லீங்க. எட்டு மணிக்குப் பதுளையில மெஷின்ல படுக்கணும். செவ்வாக்கெழம பிந்திப் போனா அடுத்த ஆளு படுத்துருவாரு. அவருக்கும் உசுருதானேங்க, எந்திரின்னு சொல்ல முடியாது. அப்புறம் வெள்ளிக்கெழம வரைக்கும் நான் காத்திருப்பேன். ரத்தம் காத்திருக்காதுங்க.”

தொலைபேசியில் சத்தமே இல்லை. வெளியே மழைகூட இல்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தனலெட்சுமி பயந்துபோய் எங்களைப் பார்த்தார். தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

“கேக்குதுங்களா?”

“கேக்குது,” என்றார் லத்தீப் முதலாளி. “நல்லாக் கேக்குது.”

பிறகு றஷீதாவின் குரல்: “ஸேர், என்னண்டு எழுத?”

“பஸ் மேல இருந்தே ஓடும் எண்டு எழுதுங்க. கண்டக்டருக்கு ஒரு பிளாஸ்க் டீ எண்டும் எழுதுங்க.”

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அன்று எங்களால் தட்ட முடியவில்லை. தொடர்பு அறும்வரை மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தோம். அறுந்த மறுநிமிடம் இராசையா அண்ணன்தான் முதலில் கத்தினார், கண்ணெல்லாம் தண்ணீராக: “மேசைய எடுங்கப்பா, நானும் கைதட்டணும்!” முப்பது வருடம் எங்களுக்காகப் பேசிய மனிதர், இன்னொருவர் பேசியதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். அண்ணே, நீங்கள் பேசிய பேச்சுகளில் ஆகச்சிறந்தது “நீயே பேசு” என்ற அந்தப் பேச்சுதான் என்பதை இந்த மேடையில் பதிவுசெய்கிறேன்.

பெரகலவிலிருந்து வந்த பெருமக்களே! கொஸ்லந்தையிலிருந்து வந்த கூட்டாளிகளே! தொலைபேசி வாங்குங்கள்! அறையை அளந்து வாங்குங்கள். ஆளை எண்ணி வாங்குங்கள். கூரையைப் பார்த்து, சிக்னலைப் பார்த்து, பட்டரியைப் பார்த்து வாங்குங்கள். பொட்டு வைக்கத்தான் வேண்டுமென்றால் பெட்டிக்கு வையுங்கள், மைக்குக்கு வேண்டாம். வாங்கிய பிறகு ஊமையாகிவிட்டதா? வயரைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள், யாருடைய சட்டைப்பையில் இன்னொரு போன் இருக்கிறதென்று பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் கேட்கவில்லையா? அப்போது மேசைக்குக் கீழே குனிந்து உங்கள் முழங்காலைப் பாருங்கள்! எழுந்து நின்று கேட்டோம், கிடைக்கவில்லை. எட்டி நின்று கேட்டோம், எட்டவில்லை. இனி நாற்காலியை முன்னுக்கு இழுங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வேலையைச் சொல்லுங்கள். உங்கள் வாயாலேயே உங்கள் தேவையைச் சொல்லுங்கள். மரியாதை அதனால் ஒரு மிளகளவும் குறையாது. தூரம்தான் குறையும்!

தலைவி அவர்கள் மணியைக் கையில் எடுத்துவிட்டார். எடுக்கட்டும். ஆனால் அவர் அடிக்கும் முன்பே நான் முடிக்கிறேன், அதற்குக் காரணம் மணி அல்ல. இன்று திங்கட்கிழமை. நாளை காலை ஐந்தரைக்கு லயத்தடியில் பஸ் வந்து நிற்கும். அதில் தனலெட்சுமி அம்மா ஏற வேண்டும். அவர் இப்போதே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். அந்தத் தூக்கத்தைத் திருட எந்தப் பேச்சாளனுக்கும் உரிமையில்லை. கேட்டிருந்த உங்கள் காதுகளுக்கு என் நன்றி. சிரித்த உங்கள் வாய்களுக்கு என் வணக்கம். அம்மா, நல்லபடியாகப் போய்வாருங்கள்.